பொடியனுக்கு என்னத்துக்குக் குசினி?

போன திருவிழா நேரம் இரணைமடுவில் போட்டிருந்த விளையாட்டுச் சாமான் கடையொன்றில் நடந்த கதை இது. எங்களில் ஒருவரின் மருமகனுக்கு அப்ப இரண்டு வயசும் நாலு மாசமும். கடையில் தொங்கின ரிப்பர், ஜேசிபி, துவக்கு ஒண்டையும் அவன் பார்க்கேல்லை. நேரே போய் ஒரு குசினி செட்டுக்கு முன்னால குந்திட்டான். ரோஸ் நிற அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு அகப்பை, பிளாஸ்ரிக் கரட் ஒண்டு. அகப்பையை எடுத்துச் சட்டியைக் கிண்டத் தொடங்கினான். கடைக்காரர் சிரிச்சுக்கொண்டே, "தம்பி, அது பொம்பிளைப் பிள்ளையளின்ர சாமான். இந்தா, ரிப்பர் பார்" எண்டார். அம்மம்மாவும், "ஓம் ராசா, பொடியனுக்கு என்னத்துக்குக் குசினி?" எண்டு அகப்பையை வாங்கி வைச்சிட்டா. அவன் அழுதான். மஞ்சள் ரிப்பர் ஒண்டோட வீட்ட வந்தம்.

அந்த ரிப்பருக்குக் காசு குடுத்த ஆக்களில் நாங்களும் இருந்தம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பெண்ணுரிமை பற்றிக் கூட்டம் போடுகிற நாங்கள், ஒரு அகப்பைக்காகப் பேச ஏலாமல் நிண்ட வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

"ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கதையா?" என்று கேட்பீர்கள். ஓம், இவ்வளவு கதைதான். ஒன்றரை வயசுக்கும் மூன்று வயசுக்கும் இடையில்தான் பிள்ளை பாவனை விளையாட்டுக்குள் இறங்குகிறது. வெறுங்கோப்பையை வாயில் வைத்துத் தேத்தண்ணி குடிக்கும். பொம்மைக்குச் சோறு தீத்தும். பிறகு கழுவுவது, அடுப்பில் வைப்பது, கிண்டுவது, பரிமாறுவது என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யப் பழகும். வீட்டில் ஒவ்வொரு நாளும் நடக்கிறதை அது தன் கையால் செய்து பார்க்கிறது. நடக்கப் பழகிற பிள்ளைக்கு வீட்டில் மிகப் பெரிய அதிசயம் குசினிதான். நெருப்பும் தண்ணியும் மணமும் சத்தமும் அங்கேதான் இருக்கின்றன. பொடியனும் பெட்டையும் அந்த அதிசயத்தை ஒரே மாதிரித்தான் பார்க்கிறார்கள். "இது உன்ர இடமில்லை" என்று பிரிச்சு விடுகிறது நாங்கள்தான்.

சமையல் ஆம்பிளை வேலையில்லை என்று எங்கட சனத்துக்கு யார் சொன்னது? கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் காய்ச்சுகிறது ஆம்பிளை. அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றி, மண்வெட்டி மாதிரி அகப்பையால் சாம்பார் கிண்டுகிறது ஆம்பிளையள். கலியாண வீட்டுச் சமையற்காரர் ஆம்பிளை. ஏ-9 வீதிக் கடையளில் கொத்துரொட்டி அடிக்கிறவரும் ஆம்பிளை. தைப்பொங்கல் அன்று எத்தனை வீட்டு முற்றத்தில் அப்பாதானே பானை வைக்கிறார்? ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும்போது அரிசி கழுவி, விறகு தள்ளி, வேர்த்து வழியக் கிண்டுகிற பொடியள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அப்ப ஒருத்தரும் "உனக்கு என்னத்துக்குக் குசினி?" என்று கேட்பதில்லை.

ஆக, சமைக்கிறது ஆம்பிளைக்கு இழிவில்லை. காசோ மரியாதையோ கிடைத்தால் அது ஆம்பிளை வேலை. ஒவ்வொரு நாளும் விடியக் காலமை எழும்பி, சம்பளமும் இல்லாமல் நன்றியும் இல்லாமல் புட்டவிக்க வேண்டுமென்றால் அது பொம்பிளை வேலை. கடைக்காரர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

அரசாங்கத்தின் கணக்கும் வேறில்லை. தொழிற்படை அளவீட்டில், நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிற பெண் "பொருளாதார ரீதியாகச் செயற்படாதவர்" பட்டியலில் விழுகிறா. இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் தொழிற்படைக்குள் வருகினம். மிச்சப் பேர் சும்மா இருக்கினமா? 2017 இல்தான் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்களின் தலையில்தான் கிடக்கிறது என்று அதுவும் சொன்னது. எங்கட அம்மாமார் அதை ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்கள்.

வன்னியில் இந்தச் சுமை இன்னும் பாரம். 2009 க்குப் பிறகு பெண் தலைமை தாங்குகிற குடும்பங்கள் எத்தனை என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனத்துக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அம்மா விடிய முன்னம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகிறா, அல்லது இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயலில் களை பிடுங்கப் போகிறா. அங்கேயும் ஆம்பிளையை விடக் குறைஞ்ச கூலி. வீட்டில் அடுப்பை யார் பார்க்கிறது? மூத்த பெட்டை. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருசத்திலும் காலமை தம்பிமாருக்குச் சாப்பாடு கட்டிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். பதினாலு வயசுத் தம்பி ரியூசனுக்கு நேரத்துக்குப் போய் முன்வாங்கில் இருக்கிறான். அவன் கெட்டவனில்லை. இரண்டு வயசில் அவன் கையிலிருந்த அகப்பையை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எங்கட காலத்தில பிளாஸ்ரிக்கே இல்லை, சிரட்டையில மண்சோறு காய்ச்சினம், எல்லாரும் சேர்ந்துதான் விளையாடினம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிரட்டையில் ஈரமண்ணை அடைச்சுக் கவிட்டால் வருகிற அந்தப் புட்டு எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த விளையாட்டில் ஆர் என்ன செய்தது என்று ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. பெட்டையள் அம்மா. மண் குழைச்சு, இலை கிள்ளி, கறி வைச்சினம். பொடியள் அப்பா. பூவரசுக்குப் பின்னால் "வேலைக்கு"ப் போய், ஒரு நிமிசத்தில் திரும்பி வந்து, "சாப்பாட்டைப் போடு" எண்டினம். சிரட்டை எல்லாருக்கும் பொதுவாய்த்தான் இருந்தது. வேலை பொதுவாய் இருக்கவில்லை.

இது பழைய பழக்கம். எவ்வளவு பழசு என்றால், கலித்தொகையிலேயே சிறுமியர் கட்டின மணல் வீட்டைக் காலால் சிதைக்கிற பொடியன் வந்துவிட்டான். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்கென்று ஒதுக்கிய பருவங்களில் ஒன்று சிற்றில். பெட்டையளின் மணல் வீட்டை உடைக்காதே என்று தலைவனிடம் கெஞ்சுகிற பருவம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பதிகம் முழுக்க இந்தக் கெஞ்சல்தான். பெட்டை கட்ட வேணும், பொடியன் உடைக்க வேணும். உடைத்தால் அது குறும்பு, அழகு. எங்கட கேள்வி ஒன்றுதான். அந்தப் பொடியனைக் கூப்பிட்டு, "வா, நீயும் இருந்து கட்டு" என்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

மண் விளையாட்டை எங்களுக்குப் புகழுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மீள்குடியேறி வந்த புதிசில், "மண்ணைக் கிண்டாதேங்கோ, தெரியாத சாமானைத் தொடாதேங்கோ" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்கு இந்தப் பக்கம் நிண்டு வளர்ந்த பிள்ளையள் நாங்கள். எல்லாருக்கும் கிடைத்த மண்சோறு எங்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிளாஸ்ரிக் செட் ஒண்டுக்கு ஆசைப்படுகிற தாயைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம்.

இனி எங்கட பக்கத்து ஆக்களுக்கு. "பெண்பிள்ளைக்குக் குசினி செட் வாங்கிக் குடுக்கிறது அடிமைத்தனம். அவளுக்கு விமானம் வாங்கிக் குடுங்கோ" என்று எங்கட தோழர்கள் சிலர் சொல்லுகினம். விமானமும் குடுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளின் கையிலிருந்தும் அகப்பையைப் பறித்தால் நாங்கள் சொல்வது என்ன? குசினி கேவலமான இடம், கெட்டிக்காரி அங்கே போக மாட்டாள் என்பது. அது ஆம்பிளையள் காலங்காலமாய்ச் சொன்ன அதே இளக்காரம். சோறு இல்லாமல் ஒருத்தரும் உயிர் வாழ்ந்ததில்லை. 2009 இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நிண்ட சனம், சமையலைக் கேவலம் என்று சொல்லலாமா? பெட்டையிடமிருந்து குசினியைப் பறிக்கத் தேவையில்லை, பொடியனை உள்ளுக்கு விடுங்கோ.

இந்தச் சண்டை எங்கட ஊரில் மட்டும் நடக்கிறதில்லை. ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரத்தின் பெயரால் அறியப்பட்ட சின்னப் பொம்மைக் குசினிகள், பல தலைமுறைகளாய்ப் பெண்பிள்ளைகளை வீட்டுக்காரிகளாய்ப் பழக்கப் பயன்பட்டன. அமெரிக்காவில் 1963 இல் வந்த ஈசி-பேக் என்ற விளையாட்டு வெதுப்படுப்பும் பெட்டைகளின் சாமானாகத்தான் விற்கப்பட்டது. 2012 இல் ஒரு 13 வயதுப் பள்ளி மாணவி, தன் நாலு வயதுத் தம்பிக்கு அந்த அடுப்பு வேணும், பெட்டியில் பொடியளின் படமும் போடுங்கோ என்று அந்த நிறுவனத்துக்கு மனு எழுதினாள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள். நிறுவனம் இறங்கி வந்து, கறுப்பும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஒரு அடுப்பைக் கொண்டுவந்தது. ஒரு அக்கா தம்பிக்காக வாய் திறந்ததால் வந்த மாற்றம் அது. நாங்கள் மாமாமார், சித்திமார், அவ்வளவு பேர் நிண்டும் வாய் திறக்கேல்லை.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு எங்கட யோசனைகள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதேங்கோ. அதற்காக ரோஸ் நிறம் பொடியனுக்கு ஆகாது என்றும் இல்லை. நிறத்துக்கு ஆண் பெண் கிடையாது. பாதுகாப்பைப் பாருங்கோ. மூன்று வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் குறுணிச் சாமான் ஆகாது. பிளாஸ்ரிக் முட்டையும் பட்டாணியும் தொண்டையில் அடைக்கும். சர்வதேசப் பரிசோதனையில் சின்னத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கிற உருளையின் அகலம் வெறும் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுசாய் அடங்கிற எதையும் ஒதுக்கி வையுங்கோ. பட்டன் பற்றரி போட்டு "சூ" என்று சத்தம் போடுகிற அடுப்பு வேண்டவே வேண்டாம். பிள்ளை அந்தப் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டை வெந்துபோகலாம். ஐம்பது துண்டுச் செட்டை விட நல்ல சட்டி இரண்டும் அகப்பை ஒன்றும் போதும்.

பிளாஸ்ரிக் பீட்சாவை வெட்டத்தான் வேணும் என்றும் சட்டமில்லை. பனையோலைப் பின்னல் செய்கிற அம்மாமாரிடம் சொன்னால் உள்ளங்கை அளவில் சுளகும் நீத்துப்பெட்டியும் இழைச்சுத் தருவினம். பிள்ளைக்குத் தெரிஞ்ச சாப்பாட்டுக்குத் தெரிஞ்ச சாமான். அந்தக் காசும் எங்கட ஊரிலேயே நிற்கும். காசே இல்லையென்றால் வழுவழுப்பாய்த் தேய்ச்ச சிரட்டையும் ஒரு மட்டைப்பெட்டியும் போதும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது ஒன்று. செட்டை வாங்கிக் குசினி மூலையில் வைக்காதேங்கோ. அப்பாவும் தாத்தாவும் இருக்கிற விறாந்தையில் வையுங்கோ. பிள்ளை நீட்டுகிற வெறுங்கோப்பையை அவையள் வாங்கிக் குடிக்கட்டும். பிறகு எழும்பி உண்மையான குசினிக்குள் போய், உண்மையான கோப்பையைக் கழுவட்டும். பிள்ளை கண்டதைத்தான் செய்யும். குசினிக்குள் ஒரு நாளும் கால் வைக்காத அப்பா எவ்வளவு விலையில் குசினி செட் வாங்கிக் கொடுத்தாலும், மகன் படிக்கப் போகிறது அப்பாவைத்தான்.

ஒரு குசினி செட்டால் வன்னி மாறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. குறைஞ்ச கூலிக்கு எதிராயும் நுண்கடனுக்கு எதிராயும் செய்ய வேண்டிய வேலை வேறு. ஆனால் அந்தக் கூட்டங்களுக்கு வர எங்கட அக்காமாருக்கு நேரம் வேணும். வீட்டில் வேறொருவர் உலை வைத்தால்தான் அந்த நேரம் வரும்.

மருமகனுக்குப் பிறகு நாங்களே ஒரு அடுப்புச் செய்து கொடுத்தோம். பழைய பலகைப் பெட்டி, மேலே கரியால் கீறின இரண்டு வட்டம். ரிப்பர் இப்ப அவனுக்கு அரிசி ஏத்துகிற வாகனம். போன கிழமை அம்மம்மாவைக் கூப்பிட்டு இருத்தி, சிரட்டையில் புட்டுப் போட்டுக் குடுத்தான். அவ வாங்கிச் சாப்பிட்டு, "உப்புக் காணாது ராசா" எண்டா. அவன் திரும்பிப் போய் உப்புப் போட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த திருவிழாவுக்கு நீங்களும் கடைக்குப் போவீர்கள். யாராவது ஒரு பொடியனின் கையிலிருந்து அகப்பையை வாங்கி வைக்கக் கண்டால், எங்களைப் போல் சும்மா நிற்காதேங்கோ.