சென்னையில் கச்சேரிக்குப் பஞ்சமில்லை... ஆனால் சின்ன மேடைகள் எங்கே? - ஒரு விளக்கம்

மார்கழி வந்தால் போதும், மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஒரே நாளில் காலை முதல் இரவு வரை கச்சேரி. மைதானத்தில் சினிமா இசையமைப்பாளரின் நிகழ்ச்சி என்றால் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கிறது. 2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாற்றல் நகரங்கள் பட்டியலில் இசைப் பிரிவில் இடம்பிடித்த ஊர் இது.

ஆனால், சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடும் ஒரு இளைஞர் குழுவிடம் "அடுத்த ஷோ எங்கப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூரு என்ற பதில் வர நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவு இசை இருக்கும் ஊரில் இது ஏன்? மேடை, சட்டம், வரி, காசு என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சென்னையில் எத்தனை இசை உலகங்கள்?

மோட்டாவாகப் பிரித்தால் நான்கு.

- சபாக்கள்: கர்நாடக இசை, பரதநாட்டியம், கொஞ்சம் நாடகம்.
- மைதானங்கள்: சினிமா இசையமைப்பாளர்கள், வெளிநாட்டுப் பாடகர்கள்.
- தெருவும் குப்பமும்: கானா, பறை, கோயில் திருவிழாக் கச்சேரி, கல்யாண மெல்லிசைக் குழு.
- சுயாதீன இசை: ராக், ராப், ஃபோக், எல்லாம் கலந்த புதுப் பாட்டு.

முதல் மூன்றுக்கும் ஓரளவு நிலையான இடமும் ஆளும் உண்டு. நான்காவதுக்குத்தான் நிரந்தர முகவரி இல்லை. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

சபா எப்படி நூறு வருஷம் தாக்குப்பிடித்தது?

திருவல்லிக்கேணியில் தொடங்கிய ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா நூறு ஆண்டுகளைத் தாண்டியது. 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. பின்னர் நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் என்று பட்டியல் நீண்டது.

சபாவின் பலம் டிக்கெட் விற்பனை மட்டுமல்ல. உறுப்பினர் சந்தா, புரவலர்கள், விளம்பரதாரர்கள், சில சபாக்களுக்குச் சொந்தக் கட்டடம் எனப் பல கால்களில் அது நிற்கிறது. அதனால்தான் பகல் நேரக் கச்சேரிகளைப் பல சபாக்கள் இலவசமாகவே நடத்த முடிகிறது. வளரும் கலைஞர்கள் பாடும் நேரம் அது. மாலை நேரம் மூத்தவர்களுக்கு, அதற்குத்தான் டிக்கெட்.

அதாவது, ஒரு இளம் பாடகிக்கு மதியம் 12 மணிக் கச்சேரியில் தொடங்கி மாலை மேடை வரை ஏறிப் போக ஒரு படிக்கட்டு இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் யார் ஏற முடியும் என்பது தனிக் கேள்வி. ஆனால் படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. சுயாதீன இசைக்கு அது கிடையாது.

'மேடை யாருக்கு?' என்ற சண்டை புதுசா?

இல்லை. மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்களே நிறைந்திருக்கின்றன, தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற குறையிலிருந்து பிறந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற அந்த முயற்சியில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. பாரிமுனைப் பக்கம் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றம் அதன் அடையாளம். பண் ஆராய்ச்சி இன்றும் அங்கே தொடர்கிறது.

அடுத்த கேள்வி மொழியைப் பற்றியது அல்ல, சாதியைப் பற்றியது. பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2015-ல் டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று அறிவித்தார். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து நடத்தப்பட்ட விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. அதே கிருஷ்ணாவுக்கு 2024-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி அறிவித்தபோது, சில கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகியது தேசிய அளவில் செய்தியானது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தக் குழு, சினிமா இல்லாமலும் கூட்டம் சேரும் என்று காட்டியது. 2020 முதல் நீலம் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை', சபா சீசன் நடக்கும் அதே மாதத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் கானா பாடகர்களுக்கும் மேடை போடுகிறது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். இந்த ஊரில் மேடை தானாகக் கிடைத்ததில்லை. கிடைக்காதவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

பெரிய மைதானக் கச்சேரிகள் நல்லதுதானே?

நல்லதுதான். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்தில் பாடினார், ஏ.ஆர்.ரஹ்மானும் அந்த மேடையில் சேர்ந்துகொண்டார். உலகச் சுற்றுப்பயணங்களில் சென்னையும் ஒரு நிறுத்தமாக மாறுவது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி இன்னொரு பக்கத்தைக் காட்டியது. டிக்கெட் வைத்திருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. போலீஸ் விசாரணை, பணத்தைத் திருப்பித் தருவது என்று விஷயம் பல நாள் ஓடியது. இத்தனை பெரிய கூட்டத்துக்காகவே கட்டப்பட்ட இசை வளாகம் நகரத்தில் இல்லை. விளையாட்டு மைதானத்தையும் காலி நிலத்தையும்தான் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மைதானத்துக்கு ஒரே இரவில் சில ஆயிரம் ரூபாய் செலவு செய்த குடும்பம், அடுத்த மாதம் 300 ரூபாய்க் கச்சேரிக்கு வருமா? கூட்டம் இருக்கிறது என்பதும், கூட்டம் பழக்கமாகியிருக்கிறது என்பதும் வேறு வேறு.

சரி, நடுத்தர மேடை ஏன் இல்லை?

நூறு முதல் முந்நூறு பேர் உட்காரும் இடத்தைத்தான் நடுத்தர மேடை என்கிறோம். ஒரு இசைக்குழு வளர்வது இங்கேதான். இது சென்னையில் குறைவாக இருப்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மது உரிமம். பெங்களூரில் பல இடங்களில் மேடைச் செலவை டிக்கெட் அல்ல, பார் வியாபாரமே தாங்குகிறது. தமிழ்நாட்டில் தனி உணவகங்களுக்கு அப்படி உரிமம் கிடைப்பதில்லை. நட்சத்திர ஹோட்டல்களும் கிளப்புகளும்தான் வாங்க முடியும். ஆகவே 'லைவ் மியூசிக்' என்பது பெரும்பாலும் ஹோட்டலுக்குள் போய்விட்டது. அங்கே சாப்பிட வந்தவர்களுக்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டும். புதுப் பாட்டுக்கு இடம் குறைவு. மதுவைத் தாராளமாக்குங்கள் என்பது இதன் அர்த்தம் இல்லை. மேடைக்கு வேறு வருமான வழி வேண்டும் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது, சத்தம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். வணிகப் பகுதியில் 65. டிரம்ஸ் வைத்து வாசிக்கும் குழுவுக்கு ஒலித்தடுப்பு செய்த அரங்கம் இல்லாமல் வழியில்லை. அதற்கு முதலீடு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் நியாயமான விஷயம்தானே?

மூன்றாவது, இடத்தின் விலை. அடையாறிலோ நுங்கம்பாக்கத்திலோ ஒரு சின்ன ஹால், கச்சேரியை விட அலுவலகமாகவோ கடையாகவோ இருந்தால்தான் உரிமையாளருக்கு லாபம்.

499 ரூபாய் டிக்கெட்டில் என்ன ரகசியம்?

சின்ன நிகழ்ச்சிகளில் '499 ரூபாய்' என்ற விலையை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். காரணம் ஜிஎஸ்டி. இசை, நடன, நாடக நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. தாண்டினால் 18 சதவீதம். 600 ரூபாய் டிக்கெட்டை வாங்குபவர் 708 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்தச் சலுகை நல்லதுதான். ஆனால் 500-க்கும் 700-க்கும் இடையில் விலை வைக்கவே அமைப்பாளர்கள் யோசிக்கிறார்கள். சின்ன மேடைக்குத் தேவைப்படும் விலையும் அதுவேதான்.

கலைஞர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. நாட்டுப்புற அல்லது செவ்வியல் வடிவத்தில் இசை, நடனம், நாடகம் நிகழ்த்துபவர் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. கவனியுங்கள்: 'நாட்டுப்புற அல்லது செவ்வியல்'. ராக் பாடினால் இந்தச் சலுகை இல்லை. கானாவும் ராப்பும் கலந்தால் அது எந்தப் பெட்டி? ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்குப் பதிவே தேவையில்லை என்பதால் பெரும்பாலானோருக்கு இது இன்றைக்குப் பிரச்னை இல்லை. ஆனால் எது 'கலை', எது 'கேளிக்கை' என்று சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது.

சினிமாப் பாட்டு பாடினால் யாருக்குக் காசு?

டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரியில் அடுத்தவர் பாட்டைப் பாட உரிமம் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாட்டு நிறுவனங்கள் சார்பில் அதை வசூலிக்கும் முக்கிய அமைப்பு ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் வாங்க வேண்டியது பொதுவாக அமைப்பாளரின் பொறுப்பு. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு.

சொந்தப் பாட்டைப் பாடும் குழுவுக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் 'தெரிஞ்ச பாட்டு பாடுங்க' என்ற குரல் கூட்டத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 150 இருக்கை, டிக்கெட் 400 ரூபாய். அரங்கம் நிறைந்தால் 60,000 ரூபாய். பாதி நிறைந்தால் 30,000.

இதில் ஹால் வாடகை, சவுண்டு, லைட்டு, டிக்கெட் தளத்தின் கமிஷன், போஸ்டர் எல்லாம் போக மிச்சத்தை ஐந்து பேர் பிரிக்க வேண்டும். ஒத்திகைக்குப் போன பத்து நாள் கணக்கில் வரவே வராது. பாதி அரங்கம் என்றால் கைக்காசு போட வேண்டிவரும். கல்லூரி முடித்த இரண்டு மூன்று வருஷத்தில் பல குழுக்கள் காணாமல் போவதற்கு, திறமைக் குறைவை விட இந்தக் கணக்குதான் காரணம்.

அரசு என்ன செய்கிறது?

2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் மீண்டும் வந்த 'சென்னை சங்கமம்' பொங்கல் நாட்களில் பூங்கா, மைதானங்களில் நாட்டுப்புறக் கலைகளை இலவசமாகக் கொண்டுவருகிறது. ஊர்களிலிருந்து வரும் கரகாட்டக்காரருக்கும் பறைக் குழுவுக்கும் அது பெரிய மேடை. ஆனால் அது சில நாள் திருவிழா. மீதி நாட்களுக்கு என்ன என்பதுதான் கேள்வி.

புதிதாகக் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. மாநகராட்சியின் சமுதாயக் கூடங்கள், பூங்காக்களின் திறந்தவெளி மேடைகள், அரசுக் கலையரங்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை, குறைந்த வாடகை, ஒரே இடத்தில் அனுமதி. இந்த மூன்றும் கிடைத்தாலே சின்னக் குழுக்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ரசிகராக நீங்கள் என்ன செய்யலாம்?

- சீசனில் மதியக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இலவசம்; நாளைய மாலைப் பாடகரை இன்றே கேட்கலாம்.
- குழுக்களையும் அரங்குகளையும் இன்ஸ்டாகிராமில் நேரடியாகப் பின்தொடருங்கள். சின்ன நிகழ்ச்சிகளுக்குப் பேப்பரில் விளம்பரம் வராது.
- அலியான்ஸ் பிரான்சேஸ், எழும்பூர் மியூசியம் தியேட்டர், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி போன்ற இடங்களின் நிகழ்ச்சி அட்டவணையை மாதம் ஒருமுறை பாருங்கள். நாடகமும் ஓவியமும் சேர்த்தே கிடைக்கும்.
- 'கெஸ்ட் லிஸ்ட்ல போடுப்பா' என்று கேட்காமல் டிக்கெட் வாங்குங்கள். மேலே பார்த்த கணக்கில் பத்து டிக்கெட் என்பது 4,000 ரூபாய்.

அடுத்து என்ன?

யுனெஸ்கோ பட்டம் கிடைக்கக் காரணமான பாரம்பரியத்துக்கு ஆபத்து இல்லை. சபாக்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். மைதானக் கச்சேரிகளும் இனி கூடவே செய்யும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 150 இருக்கை அரங்கம்தான் கவலைக்குரியது. இன்றைய மைதான நாயகர்கள் பலரும் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவிலும் சின்ன மேடையிலும் வாசித்து வந்தவர்கள்தான். அடுத்த தலைமுறை எந்த மேடையில் வாசித்துப் பழகப் போகிறது என்பதற்குச் சென்னையிடம் இப்போதைக்குத் தெளிவான பதில் இல்லை.