மருமகளை மட்டும் சோதித்தால் போதுமா?

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் வீட்டில் தொட்டில் ஆடாவிட்டால், மருமகளை டாக்டரிடம் அழைத்துப் போவது பல குடும்பங்களில் வழக்கம். மகனை யாரும் அழைத்துப் போவதில்லை. "அவனுக்கு என்ன குறை? ராஜா மாதிரி இருக்கிறான்!" என்பார் தாயார்.

ராஜா மாதிரி இருப்பவனுக்கும் உள்ளே குறை இருக்கலாம். காலையில் எழும்போதே அலுப்பு. வேலையில் மனம் ஓடாது. மனைவியிடம் நாட்டம் குறையும். இதற்கெல்லாம் வேறு காரணங்களும் உண்டு. ஆனால், 'டெஸ்டோஸ்டிரோன்' என்ற ஆண்மைச் சுரப்பு குறைந்தாலும் இப்படி ஆகும்.

சேவல் சொன்ன ரகசியம்

1849-ம் ஆண்டு. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்டு என்ற பேராசிரியர் சில சேவல்களின் விரைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கிற்று. கூவுவது நின்றது. சண்டைக்கும் போகவில்லை. வேறு சில சேவல்களின் விரையை எடுத்து, வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். அவை வழக்கம்போல் கூவின, பெட்டையைத் துரத்தின! விரையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்றை' 1935-ல்தான் ஆம்ஸ்டர்டாம் நகர விஞ்ஞானிகள் காளைமாட்டு விரைகளிலிருந்து பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள்.

விரை தானாக வேலை செய்வதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் 'பிட்யூட்டரி' என்ற சுரப்பி இருக்கிறது. அது உத்தரவு போட்டால்தான் விரை சுரக்கும். ஆகவே, குறை வேலைக்காரனிடமா, உத்தரவு போடும் எஜமானிடமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வயது வந்த பிறகு புட்டாளம்மை கண்டிருந்தால் விரை கெட்டிருக்கலாம். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும். பலருக்கு அது கடைசிவரை தெரிவதே இல்லை. சிலருக்குப் பிட்யூட்டரியில் கட்டி இருக்கும். இவர்களெல்லாம் சிலர்தான்.

தொந்தியும் தூக்கமும்

வாலிபர்களிடம் அதிகம் காணப்படும் காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. தொந்திதான்! உடம்பில் சேரும் கொழுப்பு, ஆண்மைச் சுரப்பைப் பெண்மைச் சுரப்பாக மாற்றிவிடுகிறது. மேலே இருந்து வரும் உத்தரவும் மந்தமாகிறது. சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். நல்ல செய்தி என்னவென்றால், எடை குறைந்தால் சுரப்பு மீண்டும் ஏறும்.

அடுத்தது தூக்கம். அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகலில் அவர்களுடைய சுரப்பு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. நள்ளிரவு வரை செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைகளை யார் தடுப்பது?

லேகியமும் ஊசியும்

விந்து வெளியேறினால் ஆண்மை போய்விடும் என்று பயந்து, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியரைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வீண் பயம். அந்தப் பயத்தை விற்றே மாடி வீடு கட்டியவர்கள் உண்டு!

லேகியத்தால் பெரும்பாலும் பணம்தான் போகும். உடற்பயிற்சிக் கூடத்தில் புஜம் பெருக்கப் போடும் ஊசி அப்படி அல்ல. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், "சரக்கு நிறைய இருக்கிறதே!" என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரை வேலையற்றுச் சுருங்குகிறது. உயிரணு உற்பத்தியும் படுத்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கர்ப்பத்தடை மருந்தாகவே சோதித்துப் பார்த்தது! 271 ஆண்களுக்கு வாரம் ஒரு ஊசி. ஆறு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. 1990-ல் வெளியான முடிவு அது. குழந்தை வேண்டும் என்று கோயில் கோயிலாகச் சுற்றும் கணவன், மறுபக்கம் கர்ப்பத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறான்! ஊசி போட்டவனுக்கே அது தெரியாது. மாமியாருக்கு எப்படித் தெரியும்? பழி மருமகள் தலையில் விழுகிறது.

சாயங்காலம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, "குறைவு" என்று சீட்டு வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதும் தவறு. இந்தச் சுரப்பு காலையில் அதிகம், மாலையில் குறைவு. காய்ச்சல் சமயத்திலும் இறங்கும். வெறும் வயிற்றில், காலை நேரத்தில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்தால்தான் கணக்கு. பிறகு பிட்யூட்டரியின் உத்தரவையும் ரத்தத்தில் அளந்தால், குறை மேலேயா கீழேயா என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உயிரணு திரும்பி வருகிறது. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ஊசி போட்ட விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அதுவும் நடக்கும். மருமகளுக்குச் செய்யும் சோதனைகள் மாதக்கணக்கில் நீளும், சிலது வலியும் தரும். மகனுக்கு முதலில் செய்ய வேண்டிய விந்துச் சோதனைக்கு ஒரு காலைப் பொழுது போதும்.