குழி வெட்ட யாரைக் கேட்பது?

கருங்கல் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களில் சிலருக்கு, பூமிக்கு மேலே இரண்டு நிலை இருந்தால் போதாது, பூமிக்குள்ளும் ஒரு நிலை வேண்டும் என்கிற ஆசை இப்போது வந்திருக்கின்றது. மேடும் பள்ளமுமான சீமை. ஒரு சென்ட் நிலத்தின் விலையோ சாதாரண மனிதன் காது கொடுத்துக் கேட்கக் கூடியதல்ல. ஆகவே சரிவை வெட்டிக் கார் நிறுத்தவும் சாமான் போடவும் நிலவறை கட்டுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. குழி வெட்டுமுன் யாரைக் கேட்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

முதலில் கேட்பது ஜோசியரை. அவர் சொல்லுகிற சாஸ்திரம் என்ன? வாஸ்து புருஷன் என்று ஒருவன் மண்ணுக்கடியில் தூங்குகிறானாம். வருஷத்தில் எட்டே நாள் விழிப்பானாம். அதுவும் மூன்றே முக்கால் நாழிகைதானாம். அதற்குள் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக் கொள்வானாம். அவன் சாப்பிடும் போதோ வெற்றிலை போடும் போதோ மண்ணை வெட்டினால் க்ஷேமமாம். மற்ற நேரத்தில் வெட்டினால் ஆகாதாம்! வளைகுடா வெயிலில் வெந்து சம்பாதித்த பணத்தை, ஒருவன் வெற்றிலை மெல்லும் நேரம் பார்த்து மண்ணில் போடுவதுதான் புத்திசாலித்தனமா என்று கேட்கின்றோம்.

இது போகட்டும். அந்த எட்டு நாட்களையாவது கவனித்தீர்களா? வைகாசி 21 ஒரு நாள். அதாவது ஜூன் முதல் வாரம், நமது ஜில்லாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் சமயம். ஆடி 11, ஐப்பசி 11, கார்த்திகை 8 ஆகியவையும் அதில் அடக்கம். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தையும் மாசியும் அந்தப் பட்டியலில் இருப்பது உண்மையே. ஆனால் மண் உலர்ந்து கிணற்று நீர் கீழே போயிருக்கும் பங்குனியில் ஒரு நாள்கூட இல்லை! காய்ந்த பங்குனி ஆகாது, அடைமழைக் கார்த்திகை ஆகும் என்றால், இதை ஏற்பாடு செய்தவனுக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை என்பதுதானே பொருள்?

2017ஆம் வருஷம் கார்த்திகை 8இல் நல்ல நேரம் பார்த்துக் குழி தொடங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் முடியுமுன், நவம்பர் 30ந் தேதி, ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவையே புரட்டிப் போட்டது. குழியில் நிறைந்த தண்ணீரைப் பஞ்சாங்கம் இறைக்குமா?

“ஒரு நாள் பார்ப்பதில் என்ன நஷ்டம்?” என்பார்கள் சிலர். நஷ்டம் இதுதான்: ஜோசியரைக் கேட்டு விட்டதாலேயே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகி விட்டதென்று மனது அடங்கி விடுகின்றது. கிறிஸ்தவத் தோழர்களும் சிரிக்க வேண்டியதில்லை. பாதிரியார் ஜெபம் செய்த மண்ணும் மழையில் சரியத்தான் செய்யும்.

நிற்க, கேட்க வேண்டியவை வேறு. பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கேளுங்கள். பங்குனியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கின்றது, ஐப்பசியில் எத்தனை அடியில் நிற்கின்றது என்று அது சொல்லும். நிலவறையின் தளம் அந்த ஐப்பசி மட்டத்துக்குக் கீழே போனால், ஒரு மீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் தளத்தை மேலே தள்ளும். மண்ணைக் கேளுங்கள். ஒரு சோதனைக் குழி போட்டால் செம்மண் எவ்வளவு, பாறை எங்கே என்பது தெரியும். ஊரின் பேர் கருங்கல் என்பதற்காக உங்கள் மனைக்கடியிலும் கருங்கல் இருக்க வேண்டுமென்பதில்லை. இருந்தாலோ, அதை வெடி வைத்துப் பிளக்குமுன் அனுமதியும் அண்டை வீட்டின் நலமும் பார்க்க வேண்டும். அண்டை வீட்டுச் சுவரின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? உள்ளே ஊறும் நீர் எந்த வழியாக வெளியேறும்? சுவரின் வெளிப்புறத்தில் நீர் புகாமல் பூசுவது யார்? மண்ணை மூடிய பிறகு இந்தப் பூச்சை நினைத்துப் பயனில்லை. இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் படித்த என்ஜினீயர். சொல்ல வேண்டிய காலம் ஜே.சி.பி. வருவதற்கு முன்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. குழிக்குள் இறங்குகிறவன் யார்? வீட்டுக்காரருமல்ல, ஜோசியருமல்ல, கூலிக்காரன். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமாக மண்ணில் வெட்டும் பள்ளத்துக்குப் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், வெட்டிய மண்ணைக் கரையோரம் குவிக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 3764 சொல்லுகின்றது. பூஜைக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் முட்டுப் பலகைக்குக் கணக்குப் பார்ப்பது என்ன தர்மம்?

2023ஆம் வருஷம் டிசம்பர் 4ந் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், சென்னை வேளச்சேரியில் கட்டிடத்துக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளத்தில் மண் சரிந்து இருவர் சிக்கி மாண்டனர். தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க நாலு நாள் ஆயிற்று. அதுவும் கார்த்திகை மாதந்தான்.

தோழர்களே! வீடு இடிந்தால் பணம் சேர்த்து மறுபடியும் கட்டலாம். குழியில் புதைந்த மனிதனைத் திரும்பக் கொண்டுவர எந்த முகூர்த்தமும் இல்லை. மண்ணுக்குள் தூங்குகிறவன் எப்போது விழிப்பான் என்று பார்த்தது போதும். மண்ணுக்கு மேலே நிற்கிற நாம் விழிக்க வேண்டாமா?