எழுவாய் எங்கே? பயனிலை எங்கே?



பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் பிழையின்றி ஒரு வாக்கியம் எழுதத் தெரியவில்லையே என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். கடிந்துகொள்ளுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளுள் பல மந்தபுத்தியால் விளைந்தவை அல்ல. தாய்மொழிப் பழக்கத்தால் விளைந்தவை. தமிழுக்குப் பொருந்தும் விதியை அவர்கள் ஆங்கிலத்திற்கும் பொருத்திவிடுகின்றனர்.

எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய், ஆங்கிலத்தில் சப்ஜெக்ட். அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது பிரெடிகேட். இதைப் பயனிலை என்று பெயர்ப்பது வழக்கமாயினும், ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் பயனிலை என்பது வாக்கியத்தை முடித்துவைக்கும் சொல். ஆங்கிலத்திலோ எழுவாய்ப் பகுதி நீங்கலாக எஞ்சியதெல்லாம் பிரெடிகேட்டே. "மேரி ரோட் எ லெட்டர்" என்பதில் மேரி எழுவாய். "ரோட் எ லெட்டர்" என்பது முழுவதும் பயனிலைப் பகுதி.

இனிப் பிழைகளுக்கு வருவோம்.

முதலாவது, எழுவாயை விட்டுவிடுதல். "வந்தேன்" என்றால் நான் என்பதும், "வந்தாள்" என்றால் அவள் என்பதும் வினைச்சொல்லின் விகுதியிலேயே அடங்கியுள்ளன. ஆதலால் எழுவாயைச் சொல்லாமலே விடலாம். அதைத் தோன்றா எழுவாய் என்பர். இலத்தீன் மொழிக்கும் இவ்வியல்பு உண்டு. ஆங்கிலத்தில் "கேம்" என்று மட்டும் சொன்னால் வந்தவர் யாரென விளங்காது. நான், நீ, அவன், அவர்கள் அனைவருக்கும் அச்சொல் ஒன்றே. எனவே எழுவாய் கட்டாயம் வேண்டும். சுட்டுதற்கு ஒன்றுமில்லாத இடத்தும் அந்த இருக்கை வெறுமையாய் இருத்தலாகாது. மழை பெய்கிறது என்பதற்கு "இட் இஸ் ரெய்னிங்" என்கின்றனர். அங்குள்ள "இட்" எப்பொருளையும் குறிப்பதன்று; இருக்கையை நிரப்ப வந்தது. "கம் ஹியர்" போன்ற ஏவல் வாக்கியங்களில் மட்டும் "யூ" என்னும் எழுவாய் மறைந்து நிற்கும்.

இரண்டாவது, வினைச்சொல்லை விட்டுவிடுதல். "என் அண்ணன் மருத்துவர்" என்பது தமிழில் நிறைவான வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கிறது. இதனை அப்படியே "மை பிரதர் டாக்டர்" என்று பிள்ளை எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாய்கிறது. ஆங்கிலப் பயனிலைக்கு வினைச்சொல் இன்றியமையாதது. "மை பிரதர் இஸ் எ டாக்டர்" என்பதே சரி.

மூன்றாவது, இடம் மாறுதல். "நாய் மனிதனைக் கடித்தது" என்றாலும் "மனிதனை நாய் கடித்தது" என்றாலும் பொருள் ஒன்றே. "ஐ" உருபு கடிபட்டவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லை. நிற்கும் இடமே பொருளைத் தருகிறது. "தி டாக் பிட் தி மேன்" என்பதை இடம் மாற்றி எழுதினால், மனிதன் நாயைக் கடித்தவனாகிவிடுவான்!

நான்காவது, வினைக்கு அருகிலுள்ள சொல்லை எழுவாய் என மயங்குதல். மாம்பழப் பெட்டி கனமாயிருக்கிறது என்பதற்கு "தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி" என எழுதுவர். கனமாயிருப்பது எது? பெட்டி. அது ஒருமை, ஆகவே "இஸ்" என்பதே பொருந்தும்.

இவற்றிற்கு மருந்து என்ன? ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று உண்டு. பிள்ளை தான் எழுதிய வாக்கியத்தைப் படித்து, அதன் பொருளைத் தமிழில் கூறட்டும். "இதில் வினைச்சொல் எது?" என்று முதலிற் கேளுங்கள். "அதைச் செய்தது யார், அல்லது அவ்வாறு இருப்பது எது?" என்று அடுத்துக் கேளுங்கள். விடையாக வரும் பகுதிக்குப் பின் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோட்டின் இடப்புறம் எழுவாய், வலப்புறம் பயனிலை. இடப்புறம் வெறுமையாயினும், வலப்புறம் வினைச்சொல் இல்லையாயினும், பிழை தானே வெளிப்படும். வினா வாக்கியங்களில் இவ்வொழுங்கு மாறும். அதனைப் பிறகு கற்கலாம். நாளொன்றுக்கு ஐந்து வாக்கியங்கள் போதும்.

அறிந்த மொழியின் துணைகொண்டு அறியாத மொழியைக் கற்பது இழிவன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தமிழ் கற்க விழைந்த குருக்களுக்கென இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இலத்தீன் அவர்களுக்குப் பாலமாயிற்று. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பாலமாகட்டும்.

"உனக்கு ஆங்கிலம் வராது" என்று வீட்டில் கேட்ட பிள்ளை, வகுப்பில் வாய் திறக்க அஞ்சும். அஞ்சிய நாவிலிருந்து எம்மொழியும் வருவதில்லை. ஆகவே, பெற்றோரே, பிழையைத் திருத்துங்கள்; பிள்ளையைப் பழிக்காதீர்கள்.