அப்பாயி சொல்லாத பேர்

1991, மாசி மாசம். எங்கள் சேரிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வந்தார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். சேரிக்குள்ள அவர் காலே வைக்கல. வாய்க்கால் மதகுல துண்டை விரிச்சு உட்கார்ந்துகிட்டு, வீட்டுக்கு ஒருத்தரா வரச்சொல்லி ஆளனுப்பினார். தாத்தா, அப்பா, அம்மா எல்லாரும் தாளடி அறுப்புக்குப் போயிருந்தார்கள். அப்பாயிதான் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

"குடும்பத் தலைவர் பேரு?"

அப்பாயி தாத்தா பேரைச் சொல்ல மாட்டாள். "எல்லையில நிக்கிற எங்க சாமி பேருதாங்கய்யா" என்றாள். சேரிக்குள்ளேயே வராதவருக்கு எங்க சாமி பேரு எப்படித் தெரியும்? 'முனியன்'னு எழுதிக்கிட்டார். எங்கள் சாமி முனியன் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "சும்மா இருடா" என்றார்.

"உனக்கு வயசு?"

"அம்பத்திரெண்டு புயல்ல எம் மூத்த புள்ள கைக்கொழந்தைங்க."

கூட்டிக் கழிச்சுப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. அறுபது என்று போட்டார். சாதியைக் கேட்கவில்லை. மதத்தையும் கேட்கவில்லை. ரெண்டையும் அவரே எழுதினார். அஞ்சு நிமிஷத்தில் எங்கள் குடும்பத்தின் கதை முடிந்தது.

பிற்பாடு 1948ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. கூடவே ஒரு விலக்கு. புருஷன் பேரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுப் பெண்களின் பேரையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அப்பாயியின் வழக்கத்துக்குச் சட்டம் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறது. ஆனால் எழுத வந்தவர் பத்தடி நடந்து வந்து பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாமே? அதற்குத் தீட்டு குறுக்கே நின்றது. ஒருபக்கம் ஆணாதிக்க வழக்கம், மறுபக்கம் சாதி. நடுவில் தாத்தாவின் பேர் தொலைந்தது.

ஒரு பேருக்காக இவ்வளவு பேச்சா என்று சில தோழர்கள் கேட்கலாம். ஊர்த்தெருக்காரர்களுக்குப் பட்டா இருக்கிறது, கிரயப் பத்திரம் இருக்கிறது, கோயில் மண்டகப்படியில் பேர் இருக்கிறது. அஞ்சு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வார்கள். நிலம் இல்லாதவனுக்குப் பத்திரம் ஏது? கோயிலுக்குள் விடப்படாதவனுக்கு மண்டகப்படி ஏது? எனக்குத் தாத்தாவின் அப்பாவோடு நூல் அறுந்துபோகிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1860 முதல் 1911 வரை சென்னை, கல்கத்தா துறைமுகங்களிலிருந்து சுமார் 1,52,000 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்கத்தான் அந்தப் பதிவேடுகள். அதில் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருந்த தழும்பு வரை எழுதினார்கள். இன்றைக்கு டர்பனில் இருக்கிற பேரப்பிள்ளைகள் அதை வைத்துத் தங்கள் பூர்வீகக் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். அடிமையாகக் கப்பலேறியவனுக்கு இருக்கிற அந்த ஒரு வரிகூட, இங்கேயே பண்ணையில் கிடந்து உழைத்தவனுக்கு இல்லை.

இங்கிலாந்தில் 1921ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புத் தாள்களை நூறு வருஷம் கழித்து 2022இல் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துத் திறக்கிறார்கள். அங்கே அவனவன் தன் பாட்டன் பேரைத் தேடி எடுக்கிறான். நம் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, அந்தப் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்கிறது. அரசுக்கு நம் எண்ணிக்கை போதும். 2011இல் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினர் 1,44,38,445 பேர் என்றது. அந்தக் கடைசி இலக்கம் வரை நம்மை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, நம் பேர் தேவைப்படவில்லை.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1891 கணக்கெடுப்பிலேயே 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியச் சொன்னார் அயோத்திதாசர். அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதப்படுகிறது என்பது அரசியல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குடும்பத்தையே பாருங்கள். அண்ணன் சான்றிதழில் ஆதி திராவிடர். அத்தை மகன் சான்றிதழில் பறையர். கணக்கில் ரெண்டும் வேறு வேறு சாதி. சித்தப்பா வீடு வேதத்துக்குப் போனது. அதே சேரி, அதே கூலி, அதே வசவு. ஆனால் 1950ஆம் வருஷத்து ஆணையின்படி கிறித்துவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். ஒரு பாட்டன் பிள்ளைகள் மூணு கணக்கில் கிடக்கிறோம்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. எல்லாச் சாதியையும் எண்ணப் போகிறார்களாம். நாடு முழுக்க அப்படி எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931இல். மற்றவர்களுக்கு இது புதுசு. நம்மைச் சாதி போட்டு எண்ணாத கணக்கெடுப்பே இருந்ததில்லை.

ஆகவே தோழர்களே, கணக்கெடுப்பவரை மதகில் உட்கார விடாதீர்கள். வீட்டுக்குள் கூப்பிடுங்கள், நாற்காலி போடுங்கள். பேரை நீங்களே சொல்லுங்கள். என்ன எழுதினார் என்று படித்துக்காட்டச் சொல்லுங்கள். சாதியையும் மதத்தையும் அவர் ஊகத்துக்கு விடாதீர்கள். அன்றைக்கு ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அதே கேள்விகளுக்கு உங்கள் கையால் பதில் எழுதி வையுங்கள். அரசு கேட்காததையும் எழுதுங்கள். யாருடைய பண்ணையில் இருந்தார்கள், எந்தப் புயலில் எந்தப் பிள்ளை பிறந்தது, எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தது, எந்த வருஷம் செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தது. அந்தத் தாளை நூறு வருஷம் கழித்தும் நம் பிள்ளைகள் யார் அனுமதியும் இல்லாமல் புரட்டலாம்.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். தாத்தா பேரைச் சரியாக எழுதினேன். அடுத்து அப்பாயி பேர். அதற்கடுத்த வரியில் அப்பாயியோட அம்மா பேர் வரவேண்டும். எனக்குத் தெரியவில்லை. அவள் உயிரோடு இருந்த இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. இந்தத் தப்பை மதகில் உட்கார்ந்தவர் தலையில் கட்ட முடியாது. இது என் தப்பு.

உங்கள் வீட்டில் கிழவி உயிரோடு இருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள்.