மெல்லிய கயிறும் மேலான உயிரும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. ஆழத்தை அறிவதற்கென்றே காலை விடுபவர்கள் குகை ஆய்வாளர்கள். மேகாலயத்தின் ஜயந்தியா மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரெம் லியாட் பிரா குகையைப் பற்றிப் படித்ததிலிருந்து எங்கள் நண்பர் நால்வருக்கும் அந்த ஆசை பிறந்தது. முறையாகப் பயிற்சி பெற்று, மழையற்ற குளிர்காலத்தில் மேகாலயக் குகைகளுக்குச் செல்வதென முடிவாயிற்று. ஆனால் கடற்கரையில் காந்தி சிலையருகே கூடிய ஒரு மாலையில் சிக்கல் எழுந்தது. வாங்க வேண்டிய கயிறு 11 மி.மீ. பருமனா, 8 மி.மீ. பருமனா?

மெல்லிய கயிற்றின் பக்கமும் நியாயம் உண்டு. 100 மீட்டர் நீளத்துக்கு 11 மி.மீ. நைலான் கயிறு சுமார் ஏழரை கிலோ; 8 மி.மீ. கயிறோ நான்கு கிலோவை ஒட்டியது. இடுக்குகளில் தவழ்பவனுக்குப் பை சிறுத்தால் களைப்புக் குறையும். களைத்தவன்தானே தவறு செய்கிறான்! புதிய 8 மி.மீ. கயிறும் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். "நீ என்ன யானையா?" என்று கேட்டான் நண்பன்.

நான் யானையல்லன். ஆயினும் கணக்கைப் பாருங்கள். பருமன் கால்பங்கு சொச்சம் குறைந்தால், குறுக்குப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிறது, வலிமையும் அவ்வண்ணமே. முடிச்சு விழுந்த இடத்தில் அது மேலும் குறையும். எறும்பூரக் கல்லும் தேயும் என்றால், கல் உரசக் கயிறு தேயாதா? இறங்கும் கருவியிலும் மெல்லிய கயிறு விரைந்து வழுக்கும். தேர்ந்தவர்கள் கயிறு பாறையில் படாதவாறு, நடுநடுவே புதிய பிடிப்புகளில் கட்டிக் கட்டி இறங்குகிறார்கள். அவர்களுக்கு அது வரம். அந்தக் கலை கைவராத நமக்கோ? இத்தகைய கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரவிதியே 8.5 மி.மீ.க்குக் கீழே இறங்கவில்லை.

அதற்காகத் தடித்த கயிறு மட்டுமே உயிர் காக்கும் என்றும் சொல்லமாட்டேன். 1952 ஆகஸ்டில், பிரெஞ்சு நாட்டு எல்லையிலுள்ள பியர் சேன் மர்த்தேன் பாதாளத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கிய மர்செல் லூபான் என்ற ஆய்வாளர் விழுந்து உயிர் நீத்தார். அவரைத் தூக்கிய எஃகுக் கம்பிவடம் அறவில்லை. அதன் நுனியை அவருடன் பிணைத்திருந்த பிடிதான் கழன்றது!

நம் வைத்திக்குப்பத்து மீனவர்களுக்கு இது புதிய பாடமன்று. கட்டுமரம் என்ற சொல்லிலேயே மரத்துக்கு முன்னால் கட்டு நிற்கிறதே! அலையில் மரங்களைப் பிரியவிடாமல் காப்பது அந்தக் கட்டுதான்.

ஆகவே நண்பர்களே, மெல்லிய கயிறு குற்றவாளியன்று. தேர்ச்சிக்கு முந்தி அதை நாடும் அவசரமே குற்றவாளி. நாங்கள் தடித்த கயிறே வாங்கப் போகிறோம். கூடுகிற மூன்றரைக் கிலோவை நால்வரும் பங்கிட்டுச் சுமப்போம். நண்பனைக் குகையிலிருந்து சுமந்து வருவதைவிட அது இலகுவான சுமையல்லவா?