ஊசியும் வதந்தியும்

தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. "பிள்ளைப் பாக்கியம் இல்லாமல் போகுமாமே?" என்பது ஒன்று. "ஒழுக்கமாக வளரும் பிள்ளைக்கு இது எதற்கு?" என்பது மற்றையது.

முதலாவதற்கு விடை நமது அனுபவத்திலேயே இருக்கிறது. 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலட்டு மாத்திரை கலப்பதாகக் கதை கட்டினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்தபோது அகப்பட்டது வெறும் மாவுக்கட்டி. அந்தக் கதையால் அடிபட்ட நாமே, அதே கதையை ஊசியின்மேல் ஏற்றி வட்ஸ்அப்பில் அனுப்பலாமா? ஊசியில் இருப்பது வைரசின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதற்குள் மரபணு இல்லை. தொற்றவோ பெருகவோ அதனால் முடியாது. பிள்ளைப் பாக்கியத்தைப் பறிக்கக்கூடியது நோய்தான். அது முற்றினால் கருப்பையையே அகற்ற நேரிடலாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் இந்த வைரசின் நீடித்த தொற்றால் வருவது. ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் இதன் 16ஆம் வகையைப் புற்றுக்கட்டியில் கண்டறிந்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். உடலுறவால் பரவுவது என்பது உண்மை. ஆனால் அது திருமண வாழ்விலும் பரவும். தொற்றியவருக்கே பெரும்பாலும் தெரியாது. தன் கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். அவளது ஒழுக்கத்தை அளக்க இதைக் கோலாக எடுப்பது அநியாயம். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இரத்தப் போக்கை மறைக்கிறார்கள்.

பத்து வயதில் ஏன் என்றால், தொற்று வருமுன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். வந்ததை அது அகற்றாது. 2017 முதல் இங்கே இலவசமாகப் போடப்படுகிறது.

உம்மாமாருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது சுவநாரி கிளினிக். 35 வயதிலும் 45 வயதிலும் செய்யும் பப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், காசும் இல்லை. தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் எடுப்பதால், மாற்றத்தை முன்பே கண்டு குணப்படுத்தலாம். கூச்சமென்றால் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். இரத்தப் போக்கு வழமைக்கு மாறாக இருந்தால் வயதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மகளின் ஊசிக்குச் சம்மதம் சொல்லும் அன்றே, உம்மாவும் கிளினிக்குக்கு நாள் குறித்துக்கொள்ளட்டும்.